தனு மாதத்தில் எழுதிய நாவல்

என் தம்பி விஜயதாஸ் இருபத்தொன்பது நாளில் ஒரு நாவல் எழுதினான். பக்கம் இருநூற்று ஆறு. முந்நூறு பக்கம் என்று ஊரில் சிலர் சொல்வார்கள், நூற்றைம்பதுதான் என்று வேறு சிலர் சொல்வார்கள். இரண்டும் சரியல்ல. மூன்று தடவை எண்ணியவள் நான்.

அவன் எழுத்தாளன் அல்ல. பாறசாலை ரிஜிஸ்திரார் ஆபீசுக்கு எதிர்ப்புறம் பொன்னையன் என்ற ஆதாரம் எழுத்துக்காரரிடம், அதாவது பத்திரம் எழுதுகிறவரிடம், வேலை பார்த்தான். விளை என்கிற தோட்ட நிலத்தை விற்கிறவர்களும் வாங்குகிறவர்களும் பாகம் பிரிக்கிறவர்களும் வந்து வாயால் சொல்வதை மலையாளத்தில் சட்டப்படி ஆதாரமாக எழுதிக் கொடுப்பது அவர்கள் தொழில். பொன்னையன் ஒரு வெற்றிலையை மடித்து வாயில் போட்டு மென்று முடிப்பதற்குள் தம்பி ஒரு பக்கம் எழுதிவிடுவான். ஒரு வெட்டல் திருத்தல் இருக்காது. பேனாவைக் காதில் செருகுகிற பழக்கத்தால் அவனுடைய வலது காது எப்போதும் நீலமாகவே இருக்கும். கூட்டத்தில் அவனைத் தேடவேண்டுமானால் நான் காதைத்தான் பார்ப்பேன்.

நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் தமிழில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். அதற்கு மேல் தையல் மெஷின். தம்பியை நெய்யாற்றின்கரையில் மலையாளம் படிக்க வைத்தோம். உத்தியோகத்துக்கு அதுதான் வேண்டும் என்றார் அப்பா. அதனால் எங்கள் வீட்டில் பேச்சு தமிழ், ஜெபம் தமிழ், சண்டை தமிழ். தம்பியின் கை மட்டும் மலையாளம்.

எங்கள் ஊர் புளிமூட்டுக்கோணத்தில் ஒரு வாசகசாலை உண்டு. அதில் இரண்டு அலமாரி. ஒன்றில் மலையாளப் புத்தகம், மற்றதில் தமிழ்ப் புத்தகம். தமிழ் அலமாரியில் மொத்தம் நூற்றெண்பத்தாறு. நான் வாரம் ஒன்று எடுப்பேன். படித்ததை ஒரு நோட்டில் எழுதி வைப்பேன். நான் சொல்லப்போகிற சமயத்தில் நூற்றுப் பன்னிரண்டு படித்திருந்தேன். எழுபத்து நான்கு மீதி.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்து கடைசி அது. மாநில எல்லைக் கமிஷன் ரிப்போர்ட் வந்து, விளவங்கோடு தாலுகா தமிழ்நாட்டுக்கு, நெய்யாற்றின்கரை மலையாளத்துக்கு என்று ஆகியிருந்தது. ஊரில் பேச்சு முழுக்க எல்லையைப் பற்றித்தான். பஸ்ஸில் இடம் பிடிக்கிறவன்கூட, "இது தமிழ்நாடு, அது கேரளம்" என்று சீட்டில் கோடு கிழிப்பான். அந்தச் சூட்டில் வாசகசாலை செக்ரட்டரி கருணாகரனுக்கும் ஒரு யோசனை வந்தது.

கருணாகரன் தென்னந்தோப்புக்காரர். வீட்டில் தமிழும் வெளியில் மலையாளமும் பேசுவார், கோபம் வந்தால் இரண்டும் கலந்து வரும். புதிதாக இரண்டு பெட்டி மலையாளப் புத்தகம் வந்திருந்தது. வைக்க இடம் இல்லை. தமிழ் அலமாரியை அப்படியே தூக்கிப் பனச்சமூட்டுக்கு அப்புறம், தமிழ்நாட்டுக்குப் போகிற பக்கத்தில் உள்ள ஒரு வாசகசாலைக்குக் கொடுத்துவிடலாம் என்று கமிட்டியில் சொன்னார். நான் புத்தகம் திருப்பிக் கொடுக்கப் போய் வாசலில் நின்றிருந்தேன்.

"தமிழ் பொஸ்தகம் எடுக்குதது ஆரு?" என்று ரிஜிஸ்டரை விரித்துக் காட்டினார். "செல்லபாய். பொறவு செல்லபாய். அதுக்கும் பொறவு செல்லபாய். ஒரு பொம்பளைக்கு ஒரு அலமாரியா?"

செல்லபாய் நான்தான். முகம் சுட்டது. கையில் இருந்த புத்தகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

கருணாகரன் விடவில்லை. "இந்த மண்ணுல பொறந்து தமிழ்ல ஒரு நாவல் எழுதினவன் உண்டா? ஒருத்தனைக் காட்டுங்க, அலமாரி இருக்கட்டும்."

ஓர் ஓரத்தில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்த தம்பி தலையைத் தூக்கினான். "எழுதினா?"

"ஆரு எழுதினா?"

"நான்."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. டீக்கடை ராஜப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எலே தாசு, நீ எழுதினா நாவலுக்கு முத்திரைப் பத்திரம் வாங்கணுமேலே!" என்றார்.

"எத்தன வருஷம் வேணும்?" என்று கேட்டார் கருணாகரன்.

"வாசகசாலை வார்ஷிகம் மகரத்துல முதல் ஞாயிறு. தனு மாசம் முழுக்கக் கெடக்கு. அது போரும்."

"ஒரு மாசத்துலயா!"

"ஒரு ஆதாரம் எழுத எனக்கு அரைமணிக்கூர் ஆக்கும் அண்ணாச்சி. நாவல் என்ன, நீளமான ஆதாரம்."

சொன்னதோடு நின்றிருந்தால் பிழைத்திருப்பான். தொழில் புத்தி விடவில்லை. ஒரு தாளை எடுத்து, அந்த இடத்திலேயே உடம்படி, அதாவது ஒப்பந்தம், எழுத உட்கார்ந்தான். நாவல் இருநூறு பக்கத்துக்குக் குறையக்கூடாது. பக்கத்துக்கு இருபது வரி. தமிழில், சொந்தக் கதையாக இருக்கவேண்டும். வார்ஷிகம் என்கிற ஆண்டுவிழாவன்று எழுதினவனே காலை பத்து மணி முதல் முழுவதும் வாசிக்கவேண்டும். வாசித்து முடியும்போது கேட்கிறவர்கள் இருபது பேராவது உட்கார்ந்திருக்கவேண்டும். அதன்பின் தாள் ஒன்றையும் நீக்கவோ திருத்தவோ கூடாது. செக்ரட்டரி ஏற்றுக்கொண்டால் நாவல் வாசகசாலைக்குச் சொந்தம், தமிழ் அலமாரி இருந்த இடத்தில் இருக்கும். ஏற்காவிட்டால் நாவலை எழுதினவன் கொண்டுபோகலாம், அலமாரி பனச்சமூட்டுக்குப் போகும். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள், இரண்டு சாட்சி வேறு.

வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன். "எலே, இருவது ஆளு இருக்கணும்னு அவரு சொன்னாரா?"

"இல்ல. நானா எழுதினேன்."

"என்னத்துக்கு?"

"கண்டிஷன் பலமா இருந்தாத்தான் அக்கா உடம்படி நிக்கும்."

"உடம்படி நிக்கும். நீ விழுவே."

மறுநாள் தனு ஒன்று, தமிழுக்கு மார்கழி முதல் நாள். விடியுமுன் எழுந்து, முகம் கழுவி, புதுத் தாள் விரித்து, புது நிப் மாட்டி உட்கார்ந்தான். ஏழு மணிக்கு நான் பால் விடாத கட்டன்சாயா கொண்டு வைத்தபோது தாளில் இரண்டு வரி இருந்தது. எட்டு மணிக்கும் அதே இரண்டு வரி. காது மட்டும் இன்னும் நீலமாகியிருந்தது.

"கதை வரலியா?"

"கதை தலையில உண்டு. தமிழ்ல கை நடக்குது. மலையாளத்துல ஓடும். நடந்துபோனா சித்திரைக்குத்தான் முடியும்."

மூன்றாம் நாள் ஒரு வழி கண்டோம். அவன் தமிழ்க் கதையை மலையாள எழுத்தில் தன் வேகத்துக்கு எழுதித் தள்ளுவான். மாலையில் வந்து வாசிப்பான், நான் கேட்டுத் தமிழ் எழுத்தில் பகர்த்துவேன். கிறிஸ்துமஸ் தையல் மலைபோல் கிடந்தது. ஜம்பர் பதினாறு, பாவாடை ஒன்பது. இருந்தாலும் மெஷினை நிறுத்தி வைத்து எழுதினேன். என் எழுத்து அச்சுப்போல இருக்கும். இதை நான் சொல்லவில்லை, பாஸ்டர் சொன்னது.

ஒரு நாளைக்கு எட்டுப் பக்கம் என்று கணக்கு. திரும்பிப் பார்க்காமல் எழுதுவது என்று அவன் தனக்கு ஒரு சட்டம் வைத்துக்கொண்டான். காலையில் வீட்டில் மூன்று பக்கம், ஆபீஸ் உச்சி இடைவேளையில் இரண்டு, பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது முழங்காலில் வைத்து மூன்று. ஒரு நாள் மறியல் என்று பஸ் ஓடவில்லை. ஊரெல்லாம் கலங்கி நிற்க, தம்பி பாறசாலையில் ஒரு மதிலில் சாய்ந்து பதினோரு பக்கம் எழுதிவிட்டு நடந்து வந்தான்.

கதாநாயகி பெயர் பங்கஜம். கதாநாயகன் மனோகரன். பங்கஜத்தின் தாய்மாமன் தயாபரன் என்று ஒரு பணக்காரன், வில்லன். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பகர்த்த உட்கார்ந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. முதல் அத்தியாயம் இப்படித் தொடங்கியது:

"காலஞ்சென்ற நீலகண்டன் மகள், பத்தொன்பது வயதுள்ள, மேற்படி ஊரில் ஓலை வீட்டில் தாமசிக்கும் பங்கஜம், மேற்படி மனோகரனை நோக்கி, யாருடைய நிர்ப்பந்தமும் இல்லாமல் முழு மனதோடு புன்னகை செய்தாள்."

"எலே தாசு, சிரிக்குததுக்கு நிர்ப்பந்தம் இல்லேன்னு ஏன் சொல்லணும்?"

"பின்னால தர்க்கம் வரப்பிடாது பாரு."

ஐந்தாம் அத்தியாயத்தில் மனோகரன் காதல் கடிதம் எழுதினான். கீழே இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அதில் ஒரு சாட்சி பங்கஜத்தின் அம்மா.

"காதல் கடிதாசுக்கு சாட்சி எதுக்குலே?"

"நாளைக்கு அவன் இல்லேன்னு சொன்னா?"

சாட்சிகளை அப்படியே விட்டேன்.

பதினொன்றாம் நாள் நான் பேனாவை வைத்துவிட்டேன். "பங்கஜம் மூணாம் அத்தியாயத்துல தண்ணி கோரப் போனா. இப்ப ஏழு. இன்னும் அவ வீட்டுக்கு வரல்ல. அஞ்சு நாளா குடத்தோட கெணத்தங்கரையில நிக்கா."

தம்பி காதிலிருந்து பேனாவை உருவினான். "திரும்பிப் பாக்கப்பிடாதுன்னு சட்டம். நாளைக்கு வீட்டுக்குக் கூட்டியாறேன்." மறுநாள் எட்டாம் அத்தியாயத்தில் அவள் வந்தாள். வழியில் காய்ச்சல் பிடித்து ஒரு வீட்டில் கிடந்தாள் என்று எழுதி, அந்தக் காய்ச்சலை வைத்தே பத்துப் பக்கம் தேற்றிவிட்டான். இதைப்போல ஒரு சாமர்த்தியம் வேறு எவனுக்கு வரும்? கிறிஸ்துமஸ் பஜனைக்குக்கூட அவன் போகவில்லை. பாடிக்கொண்டு வந்தவர்கள் எங்கள் முற்றத்தில் நின்று, "தாசு, உனக்க பங்கஜத்துக்கும் சேர்த்து ஹேப்பி கிறிஸ்மஸ்!" என்று கூவிவிட்டுப் போனார்கள்.

எல்லாவற்றிலும் பெரிய தொல்லை அதிர், அதாவது நிலத்தின் எல்லை. ஆதாரத்தில் ஒரு நிலத்தைச் சொன்னால் கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு என்று நாலு அதிரும் சொல்லவேண்டும். அந்தப் பக்கத்தில் யார் விளை, என்ன மரம், எந்தக் கல், எத்தனை கோல் என்று. அவன் கை ஆறு வருஷமாக அதிர் எழுதிப் பழகிய கை. கதையில் ஒரு வீடோ தோப்போ வந்தால் போதும், மனது கதையில் நின்றாலும் கை நாலு பக்கமும் சுற்றி வந்துவிடும். பங்கஜம் அழுகிறாள், எங்கே உட்கார்ந்து அழுகிறாள் என்றால், கிழக்கே நடைபாதைக்கும் மேற்கே வாழைத்தோட்டத்துக்கும் தெற்கே கிணற்றுக்கும் வடக்கே கயாலைச் சுவருக்கும் உட்பட்ட இடத்தில்.

எனக்குத் தாங்கவில்லை. பகர்த்தும்போதே அதிர்களையெல்லாம் விட்டுவிட்டு எழுதினேன். விட்டதைத் தனித் தாள்களில் நம்பர் போட்டு எழுதி வைத்தேன். எதையும் எறிகிற பழக்கம் எனக்கு இல்லை. மொத்தம் நாற்பத்தொன்று.

தனு இருபத்தேழாம் நாள் மாலை கதை முடிந்தது. பங்கஜத்துக்கும் மனோகரனுக்கும் கல்யாணம், தயாபரன் திருந்தி மன்னிப்புக் கேட்டான். தம்பி பாயில் மல்லாந்து படுத்து, "முடிச்சாச்சு அக்கா!" என்று கத்தினான். நான் எண்ணினேன். நூற்று எழுபத்தொன்று. திரும்ப எண்ணினேன். நூற்று எழுபத்தொன்றுதான்.

"இருபத்தொம்பது பக்கம் குறையுதுலே."

அவன் எழுந்து உட்கார்ந்தான். "எப்பிடிக் குறையும்? நான் கணக்காத்தானே எழுதினேன்?"

நான் அதிர்த் தாள்களைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தேன். அவன் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். திட்டுவான் என்று நினைத்தேன். விழுந்து விழுந்து சிரித்தான். "ஐந்தாம் கிளாஸ் படிச்ச உனக்கு நல்லாத் தெரியுது. எனக்குத் தெரியல்லியே."

அந்தச் சிரிப்பு தீருமுன் இரண்டு பேருக்கும் பயம் பிடித்தது. இனிப் புதிதாகக் கதை இல்லை. பங்கஜத்துக்குக் கல்யாணமே ஆகிவிட்டது. வேறு வழியில்லாமல் நாற்பத்தொன்று அதிரையும் அதனதன் இடத்தில் திரும்பச் சேர்த்து, அந்தந்தத் தாள்களை மட்டும் மீதி இரண்டு நாளும் நான் புதிதாகப் பகர்த்தினேன். விரல் வீங்கிவிட்டது. ஜம்பர் இரண்டு பாக்கி நின்று, தைக்கக் கொடுத்தவர்களிடம் வசவும் கேட்டேன். ஆனால் கடைசித் தாளில் இருநூற்று ஆறு என்று போட்டபோது மனது நிறைந்தது.

வார்ஷிகத்தன்று வாசகசாலைக்கு ஆராதனை முடிந்து நேராகப் போனோம். பத்து மணிக்கு எழுபது பேருக்கு மேல் இருந்தார்கள். தம்பி என் பகர்ப்பை வைத்து வாசிக்கத் தொடங்கினான். தமிழ் வாசிக்க அவனுக்கு நன்றாக வரும். எழுதத்தான் கை மெதுவு. நான் பெண்கள் பக்கம் பெஞ்சில், தமிழ் அலமாரிக்கு எதிரே உட்கார்ந்தேன். கண்ணாடி வழியாக நான் படிக்காத புத்தகங்களின் முதுகு தெரிந்தது. பக்கத்தில் சரசம்மா. அவள் கருணாகரனுக்குக் கிழக்கே அடுத்த விளைக்காரி. எழுதப் படிக்கத் தெரியாது, வாய்க்கு மட்டும் குறைவில்லை. இரண்டு விளைக்கும் நடுவில் ஒரு வரிக்கப் பிலாவு, நல்ல ஜாதிப் பலாமரம், உண்டு. வருஷத்துக்கு அறுபது சக்கை காய்க்கிற மரம், சுளை தேனாக இருக்கும். அது யாருடையது என்று இரண்டு வீட்டுக்கும் பன்னிரண்டு வருஷமாகத் தகராறு. சக்கை பழுக்கிற மாதத்தில் அந்தப் பக்கம் யாரும் நடக்கமாட்டார்கள்.

உச்சி வரை கூட்டம் இருந்தது. காதல் கடிதத்துக்கு ஒரே சிரிப்பு. பங்கஜத்தின் அம்மா சாட்சிக் கையெழுத்துப் போட்ட இடத்தில் ராஜப்பன் கைதட்டினார். ஆனால் ஒவ்வோர் அதிர் வரும்போதும் இரண்டு மூன்று பேர் எழுந்து போனார்கள். மூன்று மணிக்கு கருணாகரன் தன் வேலையைக் காட்டினார். வெளியே மாமர நிழலில் அண்டா நிறையக் கட்டன்சாயாவும், அவித்த மரச்சீனிக் கிழங்கும், மீன் கறியும் கொண்டு வைத்து, "வார்ஷிகத்துக்கு வந்தவங்க எல்லாரும் வந்து சாப்பிடலாம், எல்லாம் இலவசமாக்கும்" என்று ஆள் விட்டுச் சொன்னார்.

மீன் கறி மணத்துக்கு முன்னால் பங்கஜம் என்ன செய்வாள்? நான் தலைகளை எண்ணிக்கொண்டே இருந்தேன். நாற்பது. முப்பத்தொன்று. இருபத்து நான்கு. நூற்று அறுபதாம் பக்கம் வந்தபோது இருபத்தொன்று. தம்பிக்குத் தொண்டை கட்டிவிட்டது. கருணாகரன் வாசலில் நின்று, உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியும்படி ஒரு இலையில் மரச்சீனியைப் பிசைந்துகொண்டிருந்தார். ராஜப்பன் மெல்ல எழுந்தார். அவர் போனால் இருபது. அவருக்குப் பின்னால் விதவை மகளோடு வந்த ஒரு கிழவரும் செருப்பைத் தேடத் தொடங்கினார். எனக்கு அலமாரியைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

அப்போது தம்பி வில்லன் தயாபரனுடைய தோப்புக்குள் நுழைந்தான். தொண்டை கட்டிய குரலில் வாசித்தான்:

"மேற்படி தயாபரனுடைய தோப்பானது, வடக்கே ஊடுவழிக்கும், மேற்கே வாய்க்காலுக்கும், தெற்கே பொதுக்குளத்துக்கும், கிழக்கே வரிக்கப் பிலாவுக்கு ஒரு கோல் மேற்கே நாட்டியுள்ள மூலைக்கல்லுக்கும் உட்பட்டது."

என் பக்கத்தில் சரசம்மா அரைத்தூக்கத்தில் இருந்தாள். டக்கென்று நிமிர்ந்தாள்.

"மக்கா, நில்லு. அத இன்னொருக்க வாசி."

தம்பி வாசித்தான்.

"பிலாவுக்கு மேக்க ஒரு கல்லா?"

"ஆமா."

"கல்லோட அதிர் தீருதா?"

"தீருது."

"அப்பம் பிலாவு அவனுக்க தோப்புல இல்ல. வெளிய நிக்கி!"

எழுந்த ராஜப்பன் உட்கார்ந்தார். வாசலில் கருணாகரனின் கை மரச்சீனியோடு நின்றுவிட்டது.

பிறகுதான் எனக்குப் புரிந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் கருணாகரனும் அவர் அண்ணனும் பாகம் பிரித்தபோது அந்த ஆதாரத்தை எழுதியது என் தம்பி; அதைக் கருணாகரன் ஊரில் யாருக்கும் காட்டியதில்லை. பணக்காரத் தோப்பு ஒன்று வேண்டும் என்று கதை கேட்டபோது, கை தனக்குத் தெரிந்த தோப்பை எழுதிவிட்டது. பெயரை மாற்றினான், அதிரை மாற்றவில்லை. வாசிக்கும்போதுகூட அவனுக்குத் தெரியவில்லை என்றே நினைக்கிறேன். ஒவ்வொரு வார்த்தையாகப் பகர்த்திய எனக்கும் தெரியவில்லை. நான் எழுத்தைப் பார்த்தேன், நிலத்தைப் பார்க்கவில்லை.

"அது கதையாக்கும் சரசம்மா," என்று கருணாகரன் உள்ளே வந்தார். "கதையில எந்தக் கல்லும் வரும்."

"கதையில வந்த கல்லுக்கு மேலதானே நீரு தென்னந்தடியப் போட்டு மூடியிருக்கேரு? வாரும், தடியப் பொரட்டிப் பாப்போம்!"

அவ்வளவுதான். வெளியே ஒருவன், "எலே, நாவல்ல பிலாவு வந்திருக்குலே!" என்று கத்தினான். மாமரத்தடியில் இருந்தவர்கள் இலையும் கையுமாக உள்ளே பாய்ந்தார்கள். பெஞ்சு போதாமல் தரையில் உட்கார்ந்தார்கள், ஜன்னலில் ஏறினார்கள். பின்னால் இருந்து ஒருவர், "தாசு, எனக்க கெணறு எந்த அத்தியாயத்துல வருது?" என்று கேட்டார். முன்னால் எழுந்து போனவர்கள், தாங்கள் இல்லாதபோது யார் யார் அதிர் வந்தது என்று அடுத்தவனை இடித்து விசாரித்தார்கள்.

கருணாகரன் தம்பியிடம் குனிந்து, அந்தத் தாளைக் கிழித்து எறியும்படி மெதுவாகச் சொன்னார். "எடா, ஆ பேஜு கீறிக் களயெடா."

"கீறலாம் அண்ணாச்சி. இருநூற்று அஞ்சு ஆவும், அதுல குழப்பமில்ல. ஆனா தாள் ஒண்ணும் நீக்கப்பிடாதுன்னு உடம்படியில நீங்க கையெழுத்துப் போட்டிருக்கேளே."

"அது நீ எழுதினதுதானேடா!"

"கண்டிஷன் பலமா இருக்கட்டும்னு எழுதினது."

மீதி நாற்பத்தைந்து பக்கத்தையும் கூட்டம் மூச்சு விடாமல் கேட்டது. பங்கஜத்தின் கல்யாணத்தை ஒருவரும் கவனிக்கவில்லை. மணமேடை எந்தப் பக்கம் போட்டிருக்கிறது, அதற்குத் தெற்கே யார் வேலி என்றுதான் கேட்டார்கள். ஐந்தரை மணிக்கு முடிந்தபோது எழுபத்தெட்டுப் பேர் இருந்தார்கள். ஜன்னலில் இருந்தவர்களை நான் சேர்க்கவில்லை.

இனிச் செக்ரட்டரி தீர்ப்புச் சொல்லவேண்டும். கருணாகரன் மேசைக்குப் பின்னால் நின்றார். நாவல் கட்டு மேசைமேல் இருந்தது. அவர் முகத்தைப் பார்த்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்றுதான் இருந்தது. வாயைத் திறந்தார்.

அதற்குள் சரசம்மா எழுந்தாள். "செக்ரட்டரி, இது கொள்ளாதுன்னா நீரு தள்ளிவிடும். தாசு வீட்டுக்குக் கொண்டு போவான். நான் அவன்கிட்ட கேட்டு வாங்கி, நாளைக்கே வக்கீலுக்க கையில குடுப்பேன்."

கருணாகரன் வாயை மூடினார். நாவல் கட்டைப் பார்த்தார். தம்பியின் நீலக் காதைப் பார்த்தார். உடம்படித் தாளை எடுத்து மேலிருந்து கீழாக ஒருமுறை வாசித்தார். ஏற்காவிட்டால் நாவல் எழுதினவனுக்கு. ஏற்றுக்கொண்டால் வாசகசாலைக்குச் சொந்தம். வாசகசாலைச் சாவி செக்ரட்டரியின் இடுப்பில்.

"நாவல் கொள்ளாம்," என்றார். "நல்ல நாவலாக்கும். ஏற்றுக்கொண்டிருக்கு."

ராஜப்பன்தான் முதலில் விசிலடித்தது. தம்பியைத் தூக்கிக்கொண்டு முற்றத்தைச் சுற்றினார்கள். கருணாகரன் அந்தச் சத்தத்துக்குள்ளே நாவலை எடுத்துப் போய்த் தமிழ் அலமாரியில் மேல்தட்டில் வைத்துப் பூட்டினார். இழுத்துப் பார்த்தார். பிறகும் திருப்தி வராமல், ஆள் விட்டுத் தேங்காய் குவித்து வைக்கும் தன் புரையின் பெரிய பூட்டைக் கொண்டுவரச் செய்து அதையும் மாட்டினார்.

சரசம்மாவுக்குப் புத்தகம் வேண்டியிருக்கவில்லை. ஊர் முழுக்கக் கேட்டாயிற்றே. அந்த வருஷம் சக்கை பழுத்தபோது பட்டப்பகலில் ஆள் ஏற்றிப் பறித்தாள். கருணாகரன் அந்த நேரத்தில் மேற்கே வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தம்பியிடம் நான் கேட்டிருக்கிறேன், ஒரு தடவை அல்ல. "உள்ளதச் சொல்லுலே. தெரிஞ்சுதானே எழுதினே?"

"கையாக்கும் அக்கா எழுதினது," என்பான். பேனாவைக் காதில் செருகிக்கொண்டு போய்விடுவான். வேறு நாவலும் அவன் எழுதவில்லை. தங்கள் வேலியையும் கிணற்றையும் சேர்த்து இரண்டாம் பாகம் எழுதச் சொல்லிக் கொஞ்ச நாள் ஆட்கள் வந்தார்கள். ஆபீசுக்கு வந்து முறைப்படி ஆதாரம் எழுதிக்கொள்ளச் சொல்லி எல்லாரையும் அனுப்பிவிட்டான். அப்படி வந்த வேலையில் பொன்னையனுக்கு ஒரு புது மேசை வாங்க முடிந்தது.

அடுத்த நவம்பரில் எல்லை போட்டார்கள். நாங்கள் கேரளப் பக்கம் ஆனோம். புதிய மலையாளப் புத்தகங்களுக்குச் சுவரில் பலகை அடித்தார்கள். தமிழ் அலமாரி இருந்த இடத்தில் இருந்தது, இரண்டு பூட்டோடு. அலமாரியின் பழைய பூட்டுச் சாவி மேசையில் கிடக்கும். தேங்காய்ப் புரைச் சாவியைக் கருணாகரன் யார் கையிலும் கொடுக்கமாட்டார். ஆகவே எனக்குத் தமிழ்ப் புத்தகம் வேண்டும்போதெல்லாம் அவரே தோப்பிலிருந்து நடந்து வந்து திறந்துவிட்டு, நான் மேல்தட்டில் கை வைக்காமல் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும்.

வாரத்துக்கு ஒரு புத்தகம் எடுத்துக்கொண்டிருந்த நான் அதன்பிறகு வாரத்துக்கு இரண்டு எடுத்தேன். இரண்டையும் ஒரே நாளில் எடுப்பதில்லை.